மோந்து பாருங்கள்

எனக்கு வேலை நிழல் பார்ப்பது.
புந்தா அரேனாஸ் மருத்துவமனை, தரைத்தளம்,
ஈயம் பதித்த கதவுக்குப் பின்னால் பதினோரு வருடம்.
வெளியே காற்று மரங்களைக் கிழக்கே சாய்த்து வளர்க்கிறது.
உள்ளே நான்
காற்று எங்கே போகவில்லை என்று தேடுகிறேன்.

எலியெசர் கார்காமோ வந்தபோது
இரண்டு காலணிக் கயிறும் அவிழ்ந்து கிடந்தன.
குனிந்தால் நெஞ்சுக்குள் யாரோ
மூட்டை உருட்டுகிறார்களாம்.
ஆட்டுப் பண்ணைச் சமையல்காரர்.
ரோமம் கத்தரிக்கும் பருவத்தில் அறுபது வாய்க்கு
ஒற்றை ஆளாய் ஆக்கிப் போட்டவர்.
இப்போது ஒரு சட்டியைத் தூக்கினால்
நாலு தடவை நிற்கிறார்.

மனைவி நோல்ஃபா மேல்கோட்டைக் கழற்றவில்லை.
நடைவழியில் என்னைத் தனியே பிடித்துச் சொன்னாள்:
“ஐந்து மாதமாய் என் பக்கத்தில் படுப்பதில்லை.
ராத்திரி முழுக்க நாற்காலிதான்.
மூச்சுக்கு முந்நூறு தடவை கேட்டுவிட்டேன்
நான் என்ன தப்பு செய்தேன் என்று.
மனுஷன் மூச்சுவிடமாட்டேன் என்கிறார்.”

கோபத்தில் சொன்னதுதான்.
ஆனாலும் அன்று அந்தக் கட்டடத்தில்
சரியான நோய்க்குறிப்பு அது ஒன்றுதான்.

எந்திரம் முனகியது. திரை வெளுத்தது.
மார்பெலும்பில் ஆறு கம்பி முடிச்சு:
சாந்தியாகோவில் இதயத்தைத் திறந்து மூடிய ரசீது.
அதன் கீழே
வயிற்றுக்கு மேல் கட்டிய அந்தத் தசை விதானம்.
வலது பாதி அதன் இடத்தில்.
இடது பாதி இரண்டு விலா எலும்பு உயரே.
அதன் அடியில் இரைப்பையின் காற்றுக்குமிழி,
கேட்காமல் குடிவந்தவன் போல.

“வாயை மூடி, சட்டென்று மோந்து பாருங்கள்.
பூவை மோப்பது மாதிரி.”
“இந்த ஊர்க் காற்றில் எந்தப் பூ நிற்கிறது?”
“சரி. கறி அடிப்பிடித்ததா என்று பாருங்கள்.”
அதற்கு மூக்கு உடனே விடைத்தது.

வலது இறங்கியது.
இடது
ஏறியது.

இன்னொரு முறை.
வலது இறங்கியது. இடது ஏறியது.
ஏறியது என்பதும் பிழை.
அதற்கு ஏறத் தெரியாது, இறங்கவும் தெரியாது.
உயிருள்ள பாதி இழுத்த இழுப்பில்
செத்த பாதி உறிஞ்சப்படுகிறது.

இந்தத் தசை கருவில் பிறப்பது கழுத்தில்.
பிறகு கீழே இறங்கிப் போகிறது,
தன் நரம்பைக் கயிறாய் இழுத்துக்கொண்டு.
பிறந்த வீட்டை விடாத அந்தக் கயிறு
இதயத்தை உரசிக்கொண்டுதான் போகிறது.
அறுவை அன்று இதயத்தைத் தூங்கவைக்கப்
பனித்தூள் கொட்டினார்கள்.
இதயம் விழித்துக்கொண்டது.
பக்கத்தில் போன நரம்பை யாரும் எழுப்பவில்லை என்று நினைக்கிறேன்.
நாற்பது குளிர்காலம் பனியில் நடந்தவரைக்
குளிர் கடைசியில் அங்கே போய்க் கடித்திருக்கிறது.

விதிப்படி வெளியாள் உள்ளே வரக்கூடாது.
நோல்ஃபாவுக்கு ஓர் ஈய அங்கியை மாட்டிக் கூப்பிட்டேன்.
“படுத்தால் குடல் மேலேறி
நுரையீரலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.
உட்கார்ந்தால் இறங்கும்.
நாற்காலி அதற்குத்தான்.”

திரையை வெகுநேரம் பார்த்தாள்.
“இதைச் சொல்ல உனக்கு வாயில்லையா?”
அவர் சட்டைப் பொத்தானிடம் சொன்னார்:
“கட்டிலைக் கண்டால் பயம் என்று
இந்த வயதில் எப்படிச் சொல்வது?”

மற்றதை மருத்துவர் சொல்வார்.
நரம்பு பிழைத்திருந்தால்
நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும்.
வளராவிட்டால் தொய்ந்த விதானத்தை
மடித்து இழுத்துத் தைப்பார்கள்.
சிலருக்கு இரண்டும் வேண்டியிருக்காது,
பாதி மூச்சில் வாழப் பழகிவிடுவார்கள்.

“ஒரு மில்லிமீட்டரா?” என்றாள் நோல்ஃபா.
தன் கழுத்திலிருந்து கீழ் விலா வரை
விரலால் அளந்தாள்.
பிறகு கேட்டது வேறு:
“கட்டிலின் தலைமாட்டுக்கு
எத்தனை செங்கல் வைக்கலாம்?”

அவர்கள் போன பிறகுதான் நினைவு வந்தது,
அந்தக் கயிறுகளை யாரும் கட்டவில்லை.
ஓடிப்போய்ப் பார்த்தேன். பேருந்து கிளம்பியிருந்தது.

திரும்பி வந்து இருட்டில் உட்கார்ந்தபோது
எனக்கு விக்கல்.
இரண்டு பக்கமும் ஒன்றாய்த் துள்ளின.
தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.
கொஞ்ச நேரம்
எடுக்கவில்லை.