மாதிரிக் குப்பி

ஓஸ்மோவின் பால் அன்றும் மூன்று டிகிரிதான்.
நிறத்தில் குறையில்லை, மணத்தில் குறையில்லை.
குப்பியில் பிடித்து, எண் எழுதி, பெட்டியில் வைத்தேன்.
ஆய்வுக்கூடம் பாலைத்தான் பார்க்கும்.

முற்றத்தைப் பார்ப்பது நான்.
பதினாறு வருஷமாக, ஒருநாள் விட்டு ஒருநாள்,
கவுஹவாவுக்கு வடக்கே ஆற்றோரப் பண்ணைகளுக்கு
இந்த லாரியோடு வருகிறேன்.
யார் வீட்டில் எந்த விளக்கு எப்போது எரியும் என்று
பின்லாந்தின் மின்வாரியத்துக்குத் தெரியாததும்
எனக்குத் தெரியும்.

ஓஸ்மோ குழாய் சுருட்டும் அழகே தனி.
வளையத்துக்குள் வளையம், தூங்கும் பாம்பு.
டிசம்பரில் அது அவிழ்ந்து கிடந்தது.
ஜனவரியில் அப்படியே உறைந்து
தரையோடு தரையாய் ஒட்டிக்கொண்டது.
மூன்று நாள் பனியை யாரும் தள்ளவில்லை.
எனக்கென்று ஜன்னல் விளிம்பில் வைக்கும் காப்பிக் கோப்பை
எப்போது நின்றது?
யோசித்தேன். சொல்லத் தெரியவில்லை.
அதுதான் உறுத்தியது.

அன்று அவன் கேட்டது இவ்வளவுதான்:
"உன் தங்கை வீட்டில் நாய்க்கு இடமிருக்குமா, கைசு?
நல்ல நாய். கடிக்காது."
கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லி
வண்டியை எடுத்தேன்.

எங்கள் பக்கம்
அடுத்தவர் மௌனத்தில் கை வைப்பதில்லை.
அதுதான் நாகரிகம்.
போன வருஷம் அந்த நாகரிகத்தோடுதான்
பாலத்துக்கு அப்பால் ஒரு வீட்டை
ஹார்ன் அடித்துக் கடந்து போனேன்.
இப்போது அந்த வீடு என் பட்டியலில் இல்லை.

பதினோராவது கிலோமீட்டரில்
நாய் குறுக்கே வந்தது, சாலையில் இல்லை, மனசில்.
அது இல்லாமல் அவன்
தபால்பெட்டி வரைகூடப் போனவனில்லை.

முப்பது டன் வண்டியை
நினைத்த இடத்தில் திருப்ப முடியாது.
மர ஆலை முற்றம் வரை போய்
முன்னும் பின்னும் மூன்று முறை உருட்டித் திருப்பினேன்.

தொழுவத்தின் நடுவில் நின்றிருந்தான்.
கையில் வாளி. வாளியில் ஒன்றுமில்லை.
வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள்
மாடுகளின் மூச்சாவியில் கரைந்தன.
"ஓஸ்மோ, செத்துப்போயிடலாம்னு தோணுதா?"

கேட்டால் விதைத்ததாகிவிடும் என்பார்கள்.
விதை எப்போதோ விழுந்திருந்தது.
நான் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், அவ்வளவுதான்.

ஒரு பசு அசைபோட்டு முடிக்கும்வரை அவன் பேசவில்லை.
பிறகு, "லாரியில் பால் இருக்கே உனக்கு."
"பால் காத்திருக்கும்."
இல்லை என்று அவன் சொல்லவேயில்லை.

உழவர்களுக்கான உதவி எண்,
நிறுவனம் கொடுத்த ஸ்டிக்கர்,
என் வண்டிக்குள் இரண்டு வருஷமாக
பார்க்கிங் ரசீதுகளுக்கு அடியில்.
எட்டு மணிக்குத்தான் எடுப்பார்கள். இன்னும் இருபத்தைந்து நிமிஷம்.
ஹீட்டரைப் போட்டேன். அவன் ஏறினான். நாயும் ஏறியது.
ஆறுதல் சொல்ல எனக்கு வராது.
ரேடியோ வானிலை சொன்னது. இருவரும் கேட்டோம்.

எட்டு மணிக்கு எடுத்தவள் பெயர் ஹில்ப்பி.
முதல் கேள்வி: "எத்தனை மாடு கறக்கிறீர்கள்?"
"நாற்பத்தொன்று."
இரண்டாவது: "நீங்கள் தூங்கி எத்தனை நாள்?"
விரல் விட்டு எண்ணினான்.
கை போதவில்லை.
"இன்றிரவு உங்களோடு யார்?"
என்னைப் பார்த்தான்.
அவன் அண்ணனின் எண்ணை நான் தட்டினேன்.
மதியமே மருத்துவர்.
கறவைக்கு மாற்றாள்.
சொன்னதையெல்லாம் வேறு தாள் கிடைக்காமல்
பால் ரசீதின் பின்னால் எழுதிக்கொண்டேன்.

இரண்டு பண்ணைக்குத் தாமதம். மேலாளர் கத்தினார்.
கத்தட்டும்.

குணமாகிவிட்டான் என்று சொல்ல மாட்டேன்.
ஜன்னலில் கோப்பை இன்னும் வரவில்லை.
ஆனால் அடுத்த வாரம் போனபோது
மாற்றாளாய் வந்த தோடு போட்ட பையன்
குழாயைக் கண்டபடி சுருட்டிக்கொண்டிருந்தான்.
ஓஸ்மோ வாசலில் நின்று
பொறுக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த எரிச்சலை
எந்தக் குப்பியிலும் பிடிக்க முடியாது.
கண்ணால் பார்த்துக்கொண்டேன்,
வண்டியை எடுத்தேன்.