இடைப்பட்ட இரண்டு நாள்

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.
பெயர் உர்சோ. கொல்லன்.
ஊர், அஸ்ப்ரொமொந்தே மலைக்குக் கீழே
கஷ்கொட்டைத் தோப்பு முடிந்து கல் தொடங்கும் இடம்.
அப்பா மல்கேரி,
படைக் குதிரைகளோடு வடக்கிலிருந்து வந்த லத்தீன்காரர்.
அம்மா கலோதீ. கிரேக்கக்காரி. இந்த மண்தான்.

எந்தச் சபை என்கிறீர்கள்.
அதைச் சொல்லத்தானே வந்தேன், பொறுங்கள்.

அம்மாவுக்குத் தவக்காலம் திங்களன்று பிறக்கும்,
அப்பாவுக்குப் புதன்.
விடியுமுன் அவள் அடுப்புச் சாம்பலை அள்ளி
பாத்திரம் பாத்திரமாகத் தேய்ப்பாள்,
கொழுப்பின் வாசனைகூட ஒட்டக் கூடாதென்று.
ஒரேயொரு வாணலி தப்பும்.
அதைக் காலால் வெளியே தள்ளுவாள்.
கை படாது.

இரண்டு நாளும் அப்பாவுக்கு உலைக்களமே சமையலறை.
லாடம் சிவக்கும் தணலிலேயே பன்றித்தொடை பொரியும்.
புகை ஆள் பார்த்தா போகும்?
நேரே உள்ளே வந்து
அவித்த அவரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவளின்
முக்காட்டில் குடியேறும்.
அவள் சங்கீதத்தை உரக்கச் சொல்லுவாள்.
அவர் துருத்தியை மெதுவாக ஊதுவார்.

புதன் காலை, நெற்றியில் சாம்பலோடு திரும்புவார்.
"இன்றைக்குத்தான் பாத்திரம் தேய்த்தீரோ?"
வருஷா வருஷம் அதே பகடி.
வருஷா வருஷம் சிரிப்பார்.

சனிக்கிழமை கணக்கு புரளும்.
அவருக்கு விரதம்;
அவளுக்கோ அன்று விரதமிருப்பதே பாவம்.
நான் திங்கள் செவ்வாய் அப்பா பிள்ளை,
சனிக்கிழமை அம்மா பிள்ளை.
எட்டு வயதுக்கு அவ்வளவு இறையியல் போதும்.

பிறகு அந்த வருஷம்.
ஞாயிறு இரவு அவருக்குக் காய்ச்சல் ஏறியது.
திங்கள், பேச்சில்லை.
செவ்வாய் மதியம் கண்ணைத் திறந்து
எலும்புச் சாறு வேண்டும் என்றார்.
உலைக்களத்தில் நெருப்பில்லை.

அம்மா வெளியே போனாள்.
வாணலியைக் கையால் எடுத்து வந்தாள்,
தேய்த்து வைத்த அடுப்பில் ஏற்றினாள்.
நான் வாசற்படியில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன்.
கரண்டியின் சத்தம். அப்புறம் கொஞ்ச நேரம்
எந்தச் சத்தமும் இல்லை.

அவள் ருசி பார்த்தாளா என்று
பாதிரியார் கேட்டார், அவள் வழிப் பூசாரியும் கேட்டார்.
நான் பார்க்கவில்லை.

அவர் குடித்து மிச்சம் வைத்ததை
வழித்துக் குடித்தவன் நான்.
உப்பு சரியாக இருந்தது.
வேண்டுமானால் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

சரி,
வெளியே உங்கள் கோவேறு கழுதை நொண்டுகிறது,
இடது பின்கால்.
ஆணி என்னிடம் இருக்கிறது.