பைகளைத் துழாவும் வேலை

பைகளைத் துழாவுவதுதான் என் வேலை.
பீல் நகரத்து ஆஸ்பத்திரியின் நிலக்கீழ்த் தளத்தில்
சலவைக்குப் போகும் முன்
ஒவ்வொரு வெள்ளைக் கோட்டின் வயிற்றுக்குள்ளும்
கைவிட்டுப் பார்க்க வேண்டும்.
ஒரு பேனா தப்பினால்
நாற்பது கோட்டும் நீலம்.

பதினொரு வருஷமாய்
டாக்டர்களை எனக்குப் பைகளால்தான் தெரியும்.
மூன்றாம் மாடிக்காரர்
மிட்டாயைத் தின்றுவிட்டு
காகிதத்தைச் சதுரமாய் மடிப்பவர்.
குழந்தைகள் பிரிவுக்காரி
எப்போதும் ஒற்றைக் காதணி அனுப்புவாள்,
சோடி இதுவரை வந்ததில்லை.
பெயர் தெரியாத ஒருவர்
பால், முட்டை, அம்மாவுக்கு போன் என்று
ஒரே சீட்டை மூன்று கிழமை தொடர்ந்து அனுப்பினார்.
நான்காம் கிழமை
முட்டையை மட்டும் வெட்டியிருந்தது.

அன்று ஜனவரியில் ஒரு செவ்வாய்.
வெளியே மைனஸ் நாலு.
என் தலைக்குள்ளும் ஏறக்குறைய அவ்வளவுதான்:
வரிக் கடிதம், பல் வைத்தியரின் பில்,
காலையில் சப்பாத்துக் கயிற்றைக் காணோம் என்று
ஆரூரனோடு பிடித்த சண்டை.
("நீங்கள்தான் எங்கேயோ வைத்தீர்கள்."
"நான் ஏனடா உன் கயிற்றைத் தொடப் போகிறேன்?")

இருநூறாவது கோட்டோ என்னவோ.
பையின் மூலையில், நூல் பிசிறுகளுக்கு நடுவே,
கையுறை விரல்நுனியில் தட்டுப்பட்டது
ஒரு மிளகு.
வெளியே எடுத்தேன்.
மிளகு நடந்தது.

சிவப்பு முதுகு. ஏழு புள்ளி.
கடைசி ஸ்டேஷனில் தட்டி எழுப்பப்பட்ட பயணிபோல
இது எந்த ஊர் என்று பார்த்தது.

"வியோசா!" என்று கத்தினேன்.
அவள் என்ன ஏது என்று கேட்காமல்
ஆபத்துக்கு மட்டும் என்று எழுதியிருக்கும்
அந்தப் பொத்தானை அழுத்திவிட்டாள்.
பட்டை நின்றது. உருளைகள் நின்றன.
யாருக்கோ கை போய்விட்டது என்று
இஸ்திரிப் பக்கமிருந்து எல்லோரும் ஓடி வந்தார்கள்.
கை இருந்தது.
கைமேல் அது இருந்தது.

பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக
குழாய்க்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.
ஐந்து தலைகள் குனிந்தன.
மரியாளின் வண்டு என்றாள் ஜெர்மன்காரி.
ஒடீல் பிரெஞ்சில் சொன்ன பெயர்
சின்ன மணியொன்று படியில் உருளுவதுபோல இருந்தது.
வியோசாவிடமும் ஒன்று இருந்தது.
"உன் மொழியில்?" என்றார்கள்.
எனக்கு வரவில்லை.
வாய் திறந்திருக்க, வெறும் காற்று.

மேற்பார்வையாளர் ஏஷ்லிமன் வந்தார்,
மணிக்கூட்டைப் பார்த்தபடியே.
பிறகு என் கையைப் பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றி, இன்னும் கிட்டே வந்து பார்த்தார்.
என் ஆர்க்கிட் செடியில் அசுவினி, என்றார்,
எங்களிடம் அவர் சொன்ன முதல் சொந்த விஷயம்.
ஒரு பில்லின் பின்பக்கத்தில் அதை ஏற்றிக்கொண்டு
தளும்பத் தளும்ப சூப் கொண்டுபோகிறவர் மாதிரி
அடிமேல் அடி வைத்துத் தன் அறைக்குப் போனார்.

பின்னேரம் படிவத்தைப் பார்த்தேன்.
இயந்திர நிறுத்தம்: நாலு நிமிடம்.
காரணம்: புதிய ஊழியர் சேர்க்கை.

ஆறாம் நம்பர் பஸ்ஸில் நல்ல கூட்டம்.
கண்ணாடியெல்லாம் ஆவி, ஊரே தெரியவில்லை.
இரண்டு தரிப்புகளுக்கு நடுவே, கூப்பிடாமலே,
ஏழாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தின்
ஏதோ ஒரு படத்துக்குக் கீழிருந்து
எழும்பி வந்தது அந்தச் சொல்.

பொறிவண்டு.

வாய்விட்டே சொல்லிவிட்டேன்.
பக்கத்திலிருந்தவர்
நான் இடம் கேட்பதாக நினைத்துப்
பையை மடிக்கு எடுத்தார்.
நன்றி என்றேன்.
கொஞ்சம் தாராளமாகவே உட்கார்ந்தேன்.

வீட்டு வாசலில், திறப்புக்காக
என் கோட்டுப் பைக்குள் கைவிட்டேன்.
திறப்புக்கு முன்னால் வந்தது
நீளமாய், கறுப்பாய்,
நுனியில் பிளாஸ்டிக் வைத்த
ஒரு சப்பாத்துக் கயிறு.

மாடிப்படியில் தனியே நின்று
வயிறு நோகச் சிரித்தேன்.
எதிர்வீட்டுக் கதவு ஒரு விரல் அளவு திறந்தது.
பிறகு, சத்தம் போடாமல், மூடிக்கொண்டது.