வாடகைத் தாள்கள்

டுலூத் நகரத்து இசைக்குழுவில்
எனக்குச் சம்பளம் அழிப்பதற்கு.
ஸ்டாக்ஹோமிலிருந்து பெட்டியில் வரும் தாள்கள்
வாடகைக்கு எடுத்தவை.
வில் ஏறும் இடம், இறங்கும் இடம்
எல்லாம் பென்சிலில்தான் குறிக்கலாம்.
கச்சேரி முடிந்ததும் துடைத்துத் திருப்ப வேண்டும்
என்கிறது ஒப்பந்தத்தின் ஏழாம் விதி.

முன்னே வாசித்தவர்கள் ஒழுங்காக அழிப்பதில்லை.
வியோலா மூன்றாம் மேசையில் ஒரு மூக்குக்கண்ணாடிப் படம்
(கண்டக்டரைப் பார் என்று அர்த்தம்).
செலோவில் ஒரு தொலைபேசி எண்,
யாரோ யாரையோ அழைக்க நினைத்து
ஐந்து கட்ட ஓய்வுக்குள் எழுதிவைத்தது.

குன்வோர் சண்டெலின் அக்டோபரில் வந்தார்.
எழுபத்தோரு வயது. ஆண்கள் போடும் மழைச்சட்டை.
நிகழ்ச்சிக் குறிப்பில் மூன்றே வரி:
கிருனாவில் பிறப்பு, நான்கு குவார்ட்டெட், ஒரு பரிசு.
அதில் இல்லாததை
தாள் அடுக்கும்போது என்னிடம் சொன்னார்.
இரும்புச் சுரங்க அலுவலகத்தில் இருபத்தாறு வருடம்
சம்பளப் பட்டியல் எழுதினாராம்.
பகலில் பிடித்தம், மிகைநேரம், விடுப்பு.
இரவில் அதே மேசை, அதே பச்சை மை,
ஐந்து கோடு.
"ஒரு ஆளுக்கும் ஒரு காசு குறைந்ததில்லை.
சுரங்களில்தான் நிறையத் தப்பு விட்டிருக்கிறேன்."

சுரங்கம் அடியில் தின்றுகொண்டே வருவதால்
ஊரையே பெயர்த்துக் கிழக்கே வைக்கிறார்களாம்.
பிறந்த வீடு லாரியில் போவதைச்
சாலையோரம் நின்று பார்த்திருக்கிறார்.
அழவில்லையா என்றேன்.
"லாரிக்காரன் சைக்கிளைவிட மெதுவாக ஓட்டினான்.
குளிர் தாங்கவில்லை, காபி குடிக்கப் போய்விட்டேன்."
அந்த வேகம்தான் இரண்டாம் பகுதி.

ரிகர்சலில் இருநூற்றுப் பன்னிரண்டாம் கட்டம்.
எல்லோருக்கும் ஓய்வு.
சாமான் ஏற்றும் கதவை யாரோ சாத்தவில்லை.
தாதுவோடு ஏரிக்குப் புறப்பட்ட கப்பல்
நீளமாக மூன்று, குட்டையாக இரண்டு ஊதியது.
தூக்குப் பாலம் அதையே திருப்பி ஊதியது.
கண்டக்டர் கோலைக் கீழே வைத்தார்.
சண்டெலின் மட்டும் கையைத் தூக்கினார்:
"இன்னொரு தரம் ஊதச் சொல்லுங்கள்."
கப்பல் யார் சொல்லியும் கேட்பதில்லை.

என்ன சுருதி அது என்றார்.
ஆளாளுக்குப் போனைத் துழாவினார்கள்.
என் வாய் முந்திக்கொண்டது: ரெண்டரைக் கட்டை.
ஆர்மோனியத்தோடு மூன்று வருடம்
மல்லுக்கட்டிய காது வேறெப்படிப் பேசும்?
அரைக் கட்டை என்றால் பாதி மரமா என்று கேட்டார்.
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவிலுள்ள கறுப்பு என்றேன்.
"அரை நாள் சம்பளம் மாதிரி" என்றார்
சிரிக்காமல்.

வயலின்களிடமிருந்து பதினோரு கட்டத்தை வெட்டினார்.
டபுள் பாஸ் தாளை என் கையிலிருந்து வாங்கி
அந்த வெற்று ஓய்வின் தலையில்
என் பென்சிலால் 2½ என்று எழுதினார்.
எவ்வளவு சத்தமாக, என்றான் டேல் கோஸ்கெலா.
"கதவு சாத்தியிருந்தால் கேட்டிருக்கும் அளவு."

கச்சேரியன்று கப்பல் எதுவும் வரவில்லை.
முன்வரிசையில் ஒருவர் சரியாக அந்த இடத்தில் இருமினார்.
கைதட்டல் சுமார்.

ஏரி இறுகிக் கப்பல்கள் நின்ற பிறகு
அழிக்க உட்கார்ந்தேன்.
மடியெல்லாம் ரப்பர் துகள்.
மூக்குக்கண்ணாடி போயிற்று.
தொலைபேசி எண், மனசில்லாமல்.
பாஸ் தாளுக்கு வந்தபோது பதிப்பகத்தின் கடிதம்:
சண்டெலினின் ஆக்கங்களில் இனித் திருத்தங்கள் வராது,
அச்சில் உள்ளதே இறுதி வடிவம்.
இரண்டு முறை படித்தேன்.
அச்சில் அந்தக் கட்டம் காலி.

பெட்டியை ஒட்டித் தபாலில் சேர்த்தேன்.
மே மாதம் பில் வந்தது.
டபுள் பாஸ், பக்கம் பதினாலு,
அழிக்கப்படாத குறி ஒன்று, பொருள் விளங்கவில்லை,
அபராதம் ரெண்டரை டாலர்.
கட்டிவிட்டேன்.
அவர்கள் அதை அழித்துவிட்டார்களா என்று
கேட்கவில்லை.