இருநூற்றி எண்பது

எங்கள் பக்கத்தில் உயரம் என்றால்
தண்ணித்தாங்கி, தேர்முட்டி, பனை.
மூன்றிலும் சைக்கிள் ஏறாது.

ஆனையிறவுக்கு வெள்ளைக்காரன்
கணவாய் என்று பேரெழுதிப் போனான்.
போய்ப் பார்த்தேன்.
ஆளுயர உப்புக் குவியல்,
அதன் உச்சியில் ஒரு காகம்.

ரம்பொடை ஆசை வந்தது
மருந்துக் கம்பனிக் கலண்டரில் இருந்து.
மே மாதத்துப் படம்:
யாரோ கழற்றி எறிந்த தலைநாடாபோல
மலை முழுக்க றோட்டு.
தாளைக் கிழிக்க மனம் வரவில்லை.
எங்கள் மருந்தகத்தில்
ஜூனும் ஜூலையும் மே மாதமாகவே கழிந்தன.

கணக்கு இது.
கம்பளையிலிருந்து மேலே ஆயிரத்து நானூறு மீற்றர்.
சங்குப்பிட்டிப் பாலத்தின் முதுகு
என் கண்மதிப்பில் ஐந்து.
வகுத்தால் இருநூற்றி எண்பது.
ஞாயிறுக்கு நாற்பது தரம், ஏழு ஞாயிறு.

கியரைப் பூட்டித் தந்த பற்குணம் அண்ணை
கையைத் துடைத்தபடி சொன்னார்:
"இந்த ஊரில இதின்ர பாதிப் பல்லு
துருப்பிடிச்சுத்தான் சாகும்."

சோளகம் பெயர்ந்திருந்தது.
நாவற்குழி தாண்டித் தெற்கே திரும்பியதும்
நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது,
கடன்காரனை வாசலில் மறிப்பதுபோல.
காற்றும் ஒரு ஏற்றம்தான்.
ஆனால் அதற்கு உச்சி இல்லை;
எந்த இடத்திலும் காலை ஊன்றி
வந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது.
தனங்கிளப்பு வெளியில்
ஒரு மாடு என்னை நடந்தே முந்தியது.

பாலத்தில் மரியநேசன் நண்டு வலை தெரிந்துகொண்டிருப்பார்.
முதல் ஞாயிறு பார்த்தார்.
அடுத்த ஞாயிறு எண்ணினார்போல, உதடு அசைந்தது.
மூன்றாம் ஞாயிறு கேட்டே விட்டார்:
"பிள்ளை, என்னத்தைத் துலைச்சனீர்?"
"ஒண்டுமில்லை. ஏறிப் பழகிறன்."
பாலத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
பிறகு ஒரு நண்டின் காலைக் கட்டத் தொடங்கினார்.

ஓகஸ்டில்,
கம்பளைவரை பஸ் முதுகில் வந்த சைக்கிளை
இறக்கி மிதித்தேன்.
மலை தள்ளவில்லை.
அது பாட்டுக்கு இருந்தது, அவ்வளவுதான்.
வராத காற்றுக்காக நான்தான்
ஒரு மணித்தியாலம் தலை குனிந்திருந்தேன்.
புசல்லாவை தாண்டித்தான் நிமிர்ந்தேன்.
பார்த்தால் அருவி.

கொழுந்துச் சாக்கோடு நின்ற அக்கா கேட்டாள்:
"யாழ்ப்பாணமா? அங்கயும் மலை இருக்கா?"
"இல்லை. காத்து இருக்கு."
"அதுல எப்பிடி ஏறுவீங்க?"
வாயில் தண்ணீர்; பதில் சொல்லவில்லை.
அடுத்த வளைவுவரை அந்தக் கேள்வியையும்
ஏற்றிக்கொண்டு போனேன்.

லபுக்கலையில் தேத்தண்ணி குடித்தேன்.
நுவரெலியாவில் ஒருவரும் கை தட்டவில்லை.
மூக்கு ஒழுகியது.
சரி, அதுவரை எல்லாம் கணக்கின்படி.

இறக்கம்தான் என்னைப் பிடித்தது.
முதல் கொண்டை ஊசி வளைவிலேயே
பூமி காலுக்குக் கீழிருந்து உருவப்பட்டது.
பிறேக் றப்பர் மணத்தது,
விரல்கள் என்னுடையவை இல்லாமல் போயின.
மரக்கறி லொறியின் பின்னிருந்து ஒருவன்
சிங்களத்தில் என்னவோ கத்தினான்;
பயப்படாதே என்றுதான் எடுத்துக்கொண்டேன்.
நாலு வளைவு உருட்டிக்கொண்டு நடந்தேன்,
மேலே மிதித்தே ஏறிய நான்.

அப்போதுதான் உறைத்தது.
அந்தப் பாலத்தில் இருநூற்றி எண்பது தரம்
இறங்கியும் இருக்கிறேன்.
கொப்பியில் ஒன்றைக்கூட எழுதவில்லை.

திரும்பி வந்த ஞாயிறு.
சோளகம் தணிந்து கடல் சட்டித் தண்ணியாய்க் கிடந்தது.
மரியநேசன் தலையை நிமிர்த்தாமலே,
"எடுத்தாச்சோ?" என்றார்.
"பாதி."

பாலத்தின் முதுகில் நின்று
பிறேக்கிலிருந்து
ஒரு விரலை மட்டும் எடுத்தேன்.

இன்றைக்குப் பதினொன்று.