எட்டெழுத்து ஆடு

நாலரைக்குத் தண்ணீர் வரும்.
சயான் கோலிவாடாவில் எங்கள் கட்டடத்துக்கு
ஐந்தேகால் வரைதான் அந்தத் தயவு.
நீல டிரம்முக்குள் ரப்பர் குழாயைச் செருகிவிட்டு
நிறையும்வரை விழித்திருப்பது என் வேலை.
இசக்கிராஜுக்கு ஏர்போர்ட் கார்கோவில் இரவு ஷிப்ட்,
ஏழுக்குத்தான் வருவார்.
சும்மா உட்கார்ந்தால் கண் சொருகும்.
அதனால் தர்ஷிகாவின் தலைமாட்டிலிருந்து
அந்தச் சின்னத் திரையை எடுத்துக்கொள்கிறேன்,
சார்ஜர் ஒயரை மெல்லப் பிடுங்கி,
சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து.

கேட்டு எடுக்கவில்லை.
கேட்கிற அளவுக்கு நாங்கள் இன்னும் பேசிப் பழகவில்லை.
சாப்பிட்டியா? ம்.
குடை எடுத்தியா? ம்.
பதினொரு மாதத்தில் இவ்வளவு.

முதல் பாகத்தை அவள் எப்போதோ முடித்துவிட்டாள்.
இது இரண்டாம் பாகம்.
தொடங்கும்போதே திரையில் வரும்:
பழைய பண்ணையை இங்கே கொண்டுவர இயலாது.
எனக்கு அந்த வரி பிடித்திருக்கிறது.
பாந்த்ரா பதிவு அலுவலகத்தில்
எங்கள் இருவருக்கும்
யாரும் இவ்வளவு நேராகச் சொல்லவில்லை.

இந்தப் பாகத்தில் எதுவும் சாவதில்லை.
தண்ணீர் ஊற்ற மறந்தால்
பூசணி கொஞ்சம் முகம் சுளிக்கும்,
மறுநாள் ஊற்றினால் மறந்துவிடும்.
டயாலிசிஸ் சென்டரில் ஆறு மெஷின்,
எது பீப் என்றாலும் ஓட வேண்டும்.
அங்கிருந்து வீடு திரும்புகிற எவளுக்கும்
இந்தப் பூசணிகளைப் பிடித்துப்போகும்.

நான் அதிகம் தொடுவதில்லை.
அவள் நட்ட முள்ளங்கி வரிசையைக் கலைக்க மாட்டேன்.
காய்ந்த கட்டங்களுக்கு மட்டும் தண்ணீர்.
குளத்தில் வாளியை முக்கினால்
உடனே நிறைந்துவிடுகிறது.
அதுதான் கொஞ்சம் எரிச்சல்.

இன்று தொழுவத்துக்குள் போனேன்.
சாணி நாறாத தொழுவம்.
இரண்டு மாடுகள்:
ஒன்றின் பெயர் பிஸ்கட், மற்றது மேத்ஸ் மிஸ்.
மூலையில், கறுப்பும் வெள்ளையுமாக,
எதையோ மென்றபடி ஓர் ஆடு.
பக்கத்தில் போனதும் தலைக்கு மேல் பெயர் எழும்பியது.
குணவத்.

ஆங்கிலத்தில் எட்டெழுத்துக்குத்தான் இடமாம்.
என் ஒன்பதாவது எழுத்து
வேலிக்கு வெளியே எங்கோ நிற்கிறது.

கோபம்தான் முதலில்.
ஆடா நான்?
அதுவும் தாடி வைத்த ஆடு.
அந்தத் தொப்பை, அந்தப் பிடிவாதக் கழுத்து,
கடையில் இருந்த ஆடுகளில்
எவ்வளவு யோசித்துப் பொறுக்கியிருப்பாள்!
பட்டனை அழுத்தினால் விவரம் விரிகிறது.
வாங்கியது: வசந்தம், மூன்றாம் நாள்.
தீனி கொடுத்தாயிற்று.
இன்று தடவிக்கொடுத்தது: ஆம்.
நேற்று: ஆம்.
(மேத்ஸ் மிஸ்ஸுக்கு நேற்று இல்லை.)
கீழே ஐந்து இதயங்கள்,
மூன்றரை சிவப்பு.

மூன்றரை.
அந்த அரையை எதை வைத்துப் போட்டார்கள் என்று
பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.
காலில் ஈரம் பட்ட பிறகுதான் தெரிந்தது,
டிரம் வழிந்து, சமையல் மேடைக்குக் கீழே ஓடி,
சிலிண்டரைச் சுற்றிக்கொண்டு
அவள் பாய்வரைக்கும் வந்துவிட்டது.

எழுந்து உட்கார்ந்தாள்.
என் கையையும் கையில் இருந்ததையும் பார்த்தாள்.
நான் குழாயை அடைக்க ஓட,
அவள் பழைய பெட்ஷீட்டை இழுத்துத் தரையில் போட்டாள்.
இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்து
வாளிக்குள் முறுக்கிப் பிழிந்தோம்.
வெளியே ஜூலை மழை,
பிடித்துவைக்க ஆளில்லாமல்.

"தெனமும் யாரு தண்ணி ஊத்துறதுன்னு பாத்தேன்,"
என்றாள், துணியிடம்.
"முள்ளங்கியத் தொடல."
"தெரியும்."

இன்னொரு தடவை பிழிந்தோம்.

"ஆட்டப் பாத்தீங்களா?"
"எந்த ஆடு?" என்றேன்.

ஐந்தேகால்.
குழாய் இரண்டு முறை இருமி நின்றது.