மேற்படி

தேவகோட்டை, மருந்துக்கடை மாடி.
ஃபேன் இரண்டு, சுற்றுவது ஒன்று.
பேரேடு, மொய்ச்சிட்டை, கடைக் கடிதம், இசைகுடிமானம்
என்று நாற்பத்தோராயிரம் தாள்.
தட்டச்சிட்ட ஒவ்வொன்றும் டேட்டாபேஸில் ஓர் ஆவணம்.
தேடல் பெட்டி செய்துதருவது என் வேலை.

முதல் வாரம் எழுத்துக்கூட்டலில் போனது.
லெட்சுமணன், லெக்ஷ்மணன், இலக்குமணன்
மூவரும் ஒரே ஆள் என்று
எந்திரத்தை ஒப்பவைக்க வேண்டியிருந்தது.
அடுத்த வாரம் வால் நறுக்கினேன்.
கடைக்கு, கடையில், கடையிலிருந்து: எல்லாமே கடை.
கத்தி கொஞ்சம் கூர்மையாகிவிட்டது போல.
கானாடுகாத்தானை வினைமுற்று என்று நினைத்துக்
கானாடுகா வரை வெட்டிவிட்டது.

பிறகு விலக்குப் பட்டியல்.
ஒரு, இந்த, ஆக, வகையில், மேற்படி.
மேற்படி இல்லாத தாள் அபூர்வம்.
எங்கும் இருக்கும் சொல்
எதையும் காட்டித்தராது என்பது கணக்கு.
அதைத் தள்ளியதும் அட்டவணை கால்வாசி இளைத்தது.
எனக்கு நானே ஒரு பன்னீர் சோடா வாங்கிக்கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை பினாங்கிலிருந்து ஒரு மின்னஞ்சல்:
சிட்டாள் ஆச்சி, வீரப்பன் மனைவி,
பியாப்பம் கடை, 1931 வாக்கில்.
எட்டு மில்லிசெகண்டில் பதில் வந்தது.
முடிவுகள்: 0.

வீரப்பன் இருநூற்றுப் பன்னிரண்டு இடத்தில் இருந்தார்.
பங்காளிகள் இருந்தார்கள்.
கடைக்குப் பூட்டு வாங்கியவன் பெயர்கூட இருந்தது.
தாள்களைக் கையால் புரட்டினேன்.
*மேற்படியார் பெண்சாதி நகை ஈடு வைத்த வகையில் வரவு ரூ. 640.*
*மேற்படியாள் வைத்தியச் செலவு ரூ. 11.*
அடுத்த மாதம்,
*மேற்படியாள் காரியச் செலவு.*

பட்டியலிலிருந்து அந்தச் சொல்லை எடுத்தேன்.
முடிவுகள்: 39,206.

மூன்று இரவு.
ஒவ்வொரு மேற்படியையும் நிறுத்தி,
மேலே ஏறிப்போய்
நீ யாருக்கு என்று கேட்டுவரும் ஒரு நிரல்.
இப்போது ஏழு வருகின்றன.
ஏழாவது, வீரப்பன் வாங்கிய பசுமாடு.
நிரலுக்கு இன்னும் அந்த வித்தியாசம் பிடிபடவில்லை,
கணக்கெழுதியவருக்குப் பிடிபட்டதா, தெரியாது.

பினாங்குக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.
'மேற்படி விஷயமாக' என்று தட்டினேன்.
அழித்தேன்.
'சிட்டாள் ஆச்சி விஷயமாக' என்று தொடங்கி
ஆறு தாளின் எண்களையும் கொடுத்து அனுப்பினேன்.
நகலை வழக்கம்போலத் தொகுப்பில் சேர்த்தேன்.

ஒருமுறை தேடிப் பார்த்தேன், சும்மா.
முடிவுகள்: 1.